கேட்டுக்கு உள்ளே விழுந்த வெட்டு

சங்கிலிபூதத்தான் மில்லை விட்டுப் போனது தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஆடி மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. போனான் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இழுத்துக்கொண்டு போய் வெளியே போட்டார்கள்.

முதல் ஷிப்ட் முடிந்திருந்தது. சேரன்மாதேவிக்கு மேற்கே, ஆற்றுக்கும் கன்னடியன் கால்வாய்க்கும் நடுவில் இருந்த நூல் மில் அது. குழாயடியில் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தவனை ஒருவன் வந்து கூப்பிட்டான்.

"கழிவுப் பஞ்சு குடோனுக்கு ஒம்மை வரச் சொல்லுதாவ."

பூதம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனான். ஊரில் அவனுக்குப் பேர் பூதம்தான். ஆறடி உயரமும் அதற்கேற்ற தோளும் உள்ளவனை முழுப்பேர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தோன்றியதில்லை.

குடோனில் கருத்தையா ஒரு பொதியின் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மில்லுக்குக் கூலிக்கு ஆள் பிடித்துத் தருகிற காண்ட்ராக்டர் அவன். நிரந்தர ஆட்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் இவனுடைய ஆட்களை நிறுத்துவது என்று முதலாளி முடிவு செய்திருந்தார். வெளியே அனுப்புகிற வேலையும் இவனிடமே விடப்பட்டிருந்தது. கையில் டைப் அடித்த தாள் ஒன்று. சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"போட்டுட்டுப் போயிரும் வே. ஒம்ம கூட்டாளிக எல்லாரும் போட்டாச்சு."

"எனக்குக் கையெழுத்து வராது."

"சம்பளம் வாங்கயில மட்டும் வருதோ?"

"சம்பளத்தைக் காட்டும். வருதா இல்லையான்னு பாப்போம்."

நின்றவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். கருத்தையா அவனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி, கையெழுத்து வராத கை எதுக்கு?" என்றான்.

முதல் வெட்டு தோளில் இறங்கியது. பூதம் அதைப் பொருட்படுத்தாமல் வெட்டியவனின் கழுத்தைப் பிடித்து அவன் மூஞ்சியைக் கல் தூணில் மோதினான். பல் உதிர்ந்தது. இரண்டாமவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். அவன் காதைக் கடித்துத் துப்பினான் பூதம். மூன்று பேர் சேர்ந்துதான் அவனைப் பொதியின் மேல் குப்புறச் சாய்க்க முடிந்தது. வலது கையைப் பஞ்சின் மேல் நீட்டி வைத்து முழங்காலால் அழுத்தினார்கள். கருத்தையாவே எழுந்து வந்து வெட்டினான். ஒரே வெட்டில் வரவில்லை. மணிக்கட்டு எலும்பில் அருவாள் மாட்டிக்கொண்டது. அதை ஆட்டி எடுத்து மறுபடி ஓங்க வேண்டியிருந்தது. பூதம் போட்ட சத்தம் வெளியே கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த ஷிப்டுக்கு மிஷின்கள் ஓட ஆரம்பித்திருந்தன. கழிவுப் பஞ்சு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

"உள்ள கிடந்தா மில்லு தலையில விடியும். ரோட்டுல கொண்டு போடுங்கலே," என்றான் கருத்தையா.

காலைப் பிடித்து இழுத்தார்கள். கேட்டில் காவலுக்கு இருந்தவர் பாக்கியசீலன், பழைய பட்டாளத்துக்காரர். ரத்தக் கோடு ஒன்று தன்னை நோக்கி நீண்டு வருவதைப் பார்த்தார். கேட்டைத் திறந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். கால்வாய்க்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் உடைமரத்தடியில் பூதத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். கை குடோனிலேயே கிடந்தது. அதை என்ன செய்தார்கள் என்று கடைசிவரை தெரியாது.

வாழைத்தார் ஏற்றி வந்த டெம்போக்காரன் ஒருவன்தான் அவனைத் தூக்கிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனான். ஆள் பிழைத்தது டாக்டர்களுக்கே ஆச்சரியம்.

விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டேஷன் ஏட்டு உட்கார்ந்திருந்தார். கால்மாட்டில் தம்பி பிச்சைக்கண்ணு.

"யார்ப்பா வெட்டினது?"

"தெரியாது."

"தெரியாதா?"

"முகத்தைப் பாக்கலை."

"எங்க வச்சு? மில்லுக்கு உள்ளயா, வெளியயா?"

"ரோட்டுலதான். வாய்க்கால் பக்கம் நடந்து வந்தேன். பின்னால வந்து வெட்டிட்டானுவ."

ஏட்டு பேனாவை மூடினார். அவருக்கும் அந்தப் பக்கம்தான் ஊர். வெட்டுப்பட்டவன் எதற்காக இப்படிச் சொல்லுவான் என்பது தெரியாதவர் இல்லை. பேரைச் சொல்லிவிட்டால் எதிராளி ஜெயிலுக்குள் பத்திரமாகப் போய் உட்கார்ந்துகொள்வான், கைக்குச் சிக்கமாட்டான். அதுவுமில்லாமல், போலீஸைக் கூட்டிப் பழி தீர்த்தவன் என்கிற கெட்ட பேர் பிள்ளை குட்டி வரை நிற்கும். அதனால் பேரை வயிற்றுக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். எதிராளி அப்போதிலிருந்து அவர்களுக்கென்று எடுத்து வைத்த ஆள்.

"அப்ப இன்னும் கொஞ்ச நாள்ல எனக்கு இன்னொரு கேஸ் எழுத வேண்டியிருக்கும்," என்று ஏட்டு எழுந்தார். "கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் வச்சுக்கிடாதீங்கப்பா. பந்தோபஸ்துக்கு ஆள் கிடையாது."

அவர் போனதும் பிச்சைக்கண்ணு அண்ணனின் காலை இறுகப் பிடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "நீ ஆம்பளைண்ணே," என்றான். "வெட்டுக்கு வெட்டு நான் பாத்துக்கிடுதேன். நீ கையை ஆத்திக்கிட்டு வா, போதும்."

அந்த வலியிலும் பூதத்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவன் பெண்டாட்டி முப்பிடாதி அப்போது வார்டு வாசலில் சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மாடி ஏறி வந்ததில் அவளுக்கு உதடு நீலமாகிவிட்டிருந்தது.

முப்பிடாதி ராதாபுரத்துப் பனங்காட்டில் பிறந்தவள். கோபக்காரி. குமரியாக இருந்தபோது, தண்ணீர்க் குடத்தில் கல்லெறிந்த ஒருவனைப் பச்சைப் பனை மட்டையால் அடித்துத் தலையில் தையல் போட வைத்தவள். பெண் பார்க்கப் போன பூதத்துக்கு அந்தக் கதையைச் சொல்லித்தான் தரகர் எச்சரித்தார். அதைக் கேட்டுத்தான் அவன் சரி என்றான். ஆனால் சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சல் அவளுடைய இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கி வைத்திருந்தது. கல்யாணமாகிச் சில வருஷங்கள் கழித்துத்தான் அது தெரிந்தது. மில்லில் சம்பளத்தில் பிடிக்கிறார்களே என்று பூதம் முனகிக்கொண்டிருந்த இ.எஸ்.ஐ. காப்பீட்டால்தான் அதற்குப் பிறகு அவள் உயிர் ஓடியது. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. மாத்திரை. மருந்தகத்து டாக்டரம்மா மெட்ராஸுக்கு எழுதியிருந்தார். ஆபரேஷன் செய்து வால்வு மாற்ற வேண்டும். வால்வு கடல் தாண்டி வருவது. அதன் விலையும் இ.எஸ்.ஐ. கார்டில் அடங்கும். முறை வரும்போது கூப்பிடுவார்கள் என்றார்கள்.

கார்டு பூதத்தின் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. இதை இருவரில் யாரும் அதுவரை யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தவர் சங்கச் செயலாளர் குமரகுருபரன். பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டுச் சங்க வேலைக்கு வந்தவர். சேரன்மாதேவியில் டீக்கடை மாடியில் ஒரு மேஜையும் இரண்டு பெஞ்சும்தான் அலுவலகம். மொட்டைக் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு பூதமும், ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று முப்பிடாதியும் ஏறிப் போனார்கள்.

"இப்ப கட்டியிருக்க தவணைக்கு அடுத்த ஜூன் வரைக்கும் கார்டு உயிரோட இருக்கும்," என்றார் அவர். "அதுக்குப் பொறவு இல்லை."

"வேலையே போச்சு. கார்டு எப்படி அண்ணாச்சி இருக்கும்?" என்றான் பூதம்.

"இருக்கும். வேலை செய்யயில அடிபட்டு, நிரந்தர ஊனமாகி, அதனால வேலை போனவனுக்கு இருக்கும். மாசம் பத்து ரூவா கணக்குல வருஷத்துக்கு ஒரு தடவை கட்டினாப் போதும். ஒனக்கும் ஒன் பெஞ்சாதிக்கும் நீ ரிடையர் ஆக வேண்டிய வயசு வரைக்கும் எல்லா வைத்தியமும் உண்டு. ஆபரேஷன் உட்பட."

முப்பிடாதி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பொறவென்ன? கை போயிருக்கே. இதைவிட ஊனம் எது?"

குமரகுருபரன் அவளைப் பார்க்காமல் பூதத்தைப் பார்த்தார். "போலீஸ்ல என்னன்னு சொல்லியிருக்க?"

பூதம் தூளியின் முடிச்சைச் சரிசெய்தான்.

"ரோட்டுலன்னு சொல்லியிருக்க. யாருன்னு தெரியாதுன்னு சொல்லியிருக்க. மில்லுக்கு இதைவிட என்ன வேணும்? கேட்டுக்கு உள்ள வெட்டுப்பட்டா நீ தொழிலாளி. கேட்டுக்கு வெளிய வெட்டுப்பட்டா ரவுடி. அம்புட்டுதான் சட்டம்."

"எங்க வெட்டினா என்ன? கை போனது போனதுதானே?"

"அவன் எதுக்குவே ஒன்னை மெனக்கெட்டு இழுத்து வெளிய போட்டான்? ஒனக்குத் தெரியாதது கருத்தையாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

வீடு வந்து சேர்ந்தபின் அடுப்பங்கரையிலிருந்து ஒரு அலுமினியக் குண்டான் பறந்து வந்தது. பூதத்தின் புருவம் கிழிந்தது.

"நான் மூச்சு எப்ப நிக்குமோன்னு கிடக்கேன். நீரு எவனை எப்ப வெட்டலாம்னு நாள் பாக்கீரோ? ரோட்டுலயாம்ல, ரோட்டுல! ஒம்ம ஆம்பளத்தனத்தைக் கக்கத்துல வச்சுக்கிட்டு அலையும். நான் செத்தா அதை எடுத்து எனக்குப் பாடை கட்டும்!"

"ஏட்டி, வாயை அடக்கு. பேரைச் சொல்லிட்டு நான் ஊருக்குள்ள எப்படி நடக்கது?"

"காலாலதான் நடக்கணும். அதையா வெட்டினான்?"

பிச்சைக்கண்ணு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "மைனி, அண்ணன் சொன்ன சொல்லை மாத்துனா எங்க குடும்பத்துக்கே அசிங்கம்," என்றான். அடுத்து பறந்தது அம்மிக்குழவி. அது அவன்மேல் படவில்லை. வாசல் நிலையில் ஒரு துண்டு பெயர்ந்தது. அதைத் தூக்கி எறிந்ததிலேயே அவளுக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. சுவரில் சாய்ந்து, சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகும் பூதம் மாறவில்லை. கார்த்திகை மழையில் ஒருநாள் விடிகாலையில்தான் மாறினான். முப்பிடாதி படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தொண்டைக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். வாயிலிருந்து ரோஸ் நிறத்தில் நுரை வந்தது. பூதம் அவளை ஒற்றைக் கையால் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினான். முழங்கால் அளவு சேற்றில் இரண்டு தடவை விழுந்தான். விழும்போதெல்லாம் இல்லாத கையைத்தான் முதலில் ஊன்றினான். வெட்டுவாய் தரையில் மோதிப் பிளந்தது. மருந்தகத்தில் டாக்டரம்மா ஊசி போட்டார், ஆக்சிஜன் வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக நீலம் வடிந்தது. அவள் கண் திறந்து முதலில் அவன் கையைப் பார்த்தாள்.

"ரத்தம் வருது, கட்டும்," என்றாள்.

"மருந்து எப்ப வரைக்கும் தருவீங்கம்மா?" என்று பூதம் டாக்டரம்மாவிடம் கேட்டான்.

"கார்டு இருக்கிற வரைக்கும்."

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனான். ஏட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பேர் சொல்ல வந்திருக்கேன்," என்றான் பூதம். "குடோன்ல வச்சு வெட்டினான். கருத்தையா. உள்ள வெட்டி வெளிய போட்டான்."

"அப்ப அன்னைக்கு ஏன் பொய் சொன்னே?"

"அன்னைக்கு அவனை நான் வெட்டுவேன்னு இருந்தேன்."

ஏட்டு எழுதிக்கொண்டே தலையை ஆட்டினார். "இப்படி ஒரு வாக்குமூலம் என் சர்வீஸ்ல எழுதினதில்லை."

ஊருக்குள் அது அன்றைக்கே பரவிவிட்டது. டீக்கடையில் பூதம் நுழைந்ததும், "ஐயாவுக்கு இடம் விடுங்கலே, டிபார்ட்மெண்ட்டு ஆளு," என்று யாரோ சொன்னார்கள். டீக்கடைக்காரன் பெஞ்சைத் துடைத்துவிட்டு சல்யூட் அடித்தான். பூதம் டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டு, இடது கையால் சல்யூட் அடித்தவனின் கன்னத்தில் ஒன்று கொடுத்தான். பழக்கமில்லாத கை என்றாலும் அவன் பாய்லர்மேல் போய் விழுந்தான். அதற்கப்புறம் அந்தக் கடையில் சல்யூட் கிடையாது. டீயும் கிடையாது.

பிச்சைக்கண்ணு அண்ணனோடு பேசுவதை நிறுத்தினான். ஆனால் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தான். அவனுக்கு வேறு வீடு இல்லை.

திருநெல்வேலியில் இ.எஸ்.ஐ. அதிகாரி விசாரணை வைப்பார் என்று கடிதம் வந்தது. உள்ளே நடந்ததா, வெளியே நடந்ததா என்று இரு தரப்பையும் கேட்டு அவர் முடிவு செய்வார். வக்கீலைப் பார்க்க பூதம் டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, பேட்டைக்கு முன்னால் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவனுக்கு ஒரு காது பாதிதான் இருந்தது. அவன் பூதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தலைமுடியைப் பிடித்து ஜன்னல் கம்பியில் மோதினான். இன்னொருவன் சைக்கிள் செயினால் வெட்டுவாயில் குறிவைத்து அடித்தான். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நின்றது, சனங்கள் இறங்கி ஓடினார்கள். பூதம் சீட்டுக்கு அடியில் சுருண்டு மொட்டைக் கையை வயிற்றுக்குள் மறைத்துக்கொண்டான். முதுகு முழுக்கச் செயின் வரி விழுந்தது. திருப்பி அடிக்கவில்லை. அடித்தால் அதையும் கேஸாக்குவார்கள் என்று குமரகுருபரன் சொல்லியிருந்தார். வாழ்க்கையிலேயே பூதம் திருப்பி அடிக்காமல் வாங்கிய முதல் அடி அது. செயின் வரிகளைவிட அதுதான் அவனை ரொம்ப நாள் எரித்தது.

சாட்சிக்கு ஒரே ஆள்தான் உண்டு. கேட்டைத் திறந்தவர். பாக்கியசீலனிடம் பூதம் எத்தனையோ தடவை போய்விட்டான். "நான் ஒண்ணும் பாக்கலைப்பா. எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளை," என்பதற்கு மேல் அவர் பேசவில்லை. அவரைப் பேச வைத்தது கருத்தையாதான். எதற்கும் இருக்கட்டும் என்று அவன் ஆட்கள் போய் அவரை வீட்டுக்கு முன்னால் வைத்து, பிள்ளைகள் பார்க்க, செருப்பால் அடித்தார்கள். மறுநாள் வீங்கிய முகத்தோடு அவர் சங்க அலுவலகத்து மாடி ஏறினார்.

"சொல்ல மாட்டேன்னுதான் இருந்தேன் அண்ணாச்சி," என்று குமரகுருபரனிடம் சொன்னார். "சொல்லாமலே அடி வாங்கியாச்சு. சொல்லிட்டு வாங்கினா கணக்காவது சரியா இருக்கும்."

விசாரணைக்கு நாள் குறித்தாகிவிட்டது. சாட்சி வந்தாகிவிட்டது. அப்போதுதான் குமரகுருபரன் இன்னொன்றைச் சொன்னார்.

"மில் வக்கீல் எதைப் பிடிச்சு நிக்கப் போறார் தெரியுமா? முந்தின கொடையில ஒன் தம்பிக்கும் கருத்தையாவுக்கும் அடிதடி நடந்திருக்குல்லா, கரகாட்டக்காரிக்கு முன்னால உட்காரதுல. அதைத்தான். மில்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, ரெண்டு குடும்பத்துக்குள்ள பழைய பகைம்பார். இந்த நேரத்துல ஒன் தம்பி கருத்தையாமேல கை வச்சான்னு வச்சுக்க, அவர் வாதாடவே வேண்டாம். நீங்களே நிரூபிச்சுக் குடுத்த மாதிரி. கார்டு போச்சு."

பூதம் வீட்டுக்கு வந்தபோது பிச்சைக்கண்ணு முற்றத்தில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை. முக்கூடல் சந்தைக்குக் கருத்தையா ஆடு பிடிக்கப் போகிற நாள். கயிற்றுக் கட்டிலில் கோணிச் சாக்கில் சுற்றிய ஒன்று கிடந்தது. அதன் நீளத்தைப் பார்த்தாலே என்னவென்று தெரிந்தது.

"விசாரணை முடியட்டும்லே. பொறவு ஒன் இஷ்டம்," என்றான் பூதம். அவர்கள் பேசி மாசக்கணக்காகியிருந்தது.

"எனக்கு விசாரணை கிடையாது."

"மைனி செத்துப்போவா."

"மைனி சாகதுக்கு நான் காரணமா? கையை வெட்டினவன் சந்தையில ஆட்டுக்குப் பல்லு பாத்துக்கிட்டுத் திரியுதான். நீ காயிதத்தைத் தூக்கிக்கிட்டு அலையுத. என்னை என்ன செய்யச் சொல்லுத? நீ செய்ய மாட்ட. செய்யுதவனையாவது விடு."

"விடலைன்னா?"

பிச்சைக்கண்ணு அண்ணனின் மொட்டைக் கையைப் பார்த்தான். "ஒத்தக் கையை வச்சுக்கிட்டு எப்படித் தடுப்ப?" அதைக் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டான்.

முப்பிடாதி உள்ளேயிருந்து வந்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. "போகப் போறவன் சாப்பிட்டுட்டுப் போட்டும்," என்றாள். "வெறும் வயித்தோட எங்கயும் போகக் கூடாது."

பிச்சைக்கண்ணு உட்கார்ந்தான். அவள் தட்டை வைத்து, சோறு போட்டு, மீன் குழம்பை ஊற்றினாள். வறுத்த மீனை ஓரமாக வைத்தாள். அவன் பசியோடு சாப்பிட ஆரம்பித்தான். அவள் அவனுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தாள், பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி. அண்ணனும் மைனியும் அதற்கு முன் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கண்ணால் பார்த்துக்கொண்டதோடு சரி.

பூதம் மூலையில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்தான். பிச்சைக்கண்ணு வாயில் அகப்பட்ட முள்ளைப் போட வலது கையைத் தட்டுக்கு வெளியே தரையில் நீட்டினான். அந்த நேரம் முப்பிடாதி அவன் இடது கையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து அவன் மடிமேல் விழுந்தாள். உலக்கை வலது கையில் இறங்கியது.

விறகு முறிகிற மாதிரிக் கேட்டது. முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கம் மடங்கிக் கிடந்தது. தட்டு கவிழ்ந்து சோறும் குழம்பும் ரத்தமும் சாணித் தரையில் ஓடின. பிச்சைக்கண்ணு முதலில் கத்தவில்லை. தன் கையைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். பிறகு போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

"இன்னொண்ணையும் ஒடிக்கவா, இல்ல உட்காருதியா?" என்றான் பூதம். உலக்கை தானாக நழுவித் தரையில் உருண்டது.

முப்பிடாதி மடியிலிருந்து எழுந்திருக்கவில்லை. மூச்சு வாங்கியபடி, "எய்யா, மன்னிச்சுக்கிடுய்யா, எய்யா," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் பிடி மட்டும் தளரவில்லை.

எலும்பு வைத்தியரிடம் கூட்டிப்போய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். மருந்தகத்துக்குக் கூட்டிப்போக முடியாது. கூடப் பிறந்தவன் பேர் கார்டில் ஏறாது. கட்டு பிரிப்பதற்கு முன்பே பிச்சைக்கண்ணு பம்பாய்க்கு ரயிலேறினான். ஜங்ஷனுக்கு யாரும் வழியனுப்பப் போகவில்லை. போகவும் அவன் விடவில்லை.

ஜூன் பிறப்பதற்குள் விசாரணை நடந்தது. மில் வக்கீல் நன்றாகத்தான் பேசினார். பழைய பகை என்றார். கொடையில் நடந்த சண்டையைச் சொன்னார். "இந்த ஆள் முதலில் ரோடு என்றான், பிறகு குடோன் என்கிறான். கார்டு வேண்டும் என்பதற்காக மாற்றிச் சொல்கிறான்," என்றார்.

அதிகாரி கேட்டார். "கார்டுக்காகத்தான் மாத்திச் சொல்றீங்களா?"

"ஆமா," என்றான் பூதம்.

குமரகுருபரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"கார்டு வேண்டாம்னா மாத்தியிருக்க மாட்டேன் ஐயா. அவனை வெட்டிட்டு ஜெயிலுக்குப் போயிருப்பேன். பகைன்னு வக்கீல் சொல்லுதாரு. பகைன்னா இவ்வளவு நாள் கருத்தையா எப்படி உசுரோட இருக்கான்? என் தம்பி அவனை வெட்டப் புறப்பட்டான். அவன் கையை நானே ஒடிச்சுப் போட்டேன். ஊர்ல யார்ட்ட வேணும்னாலும் கேளுங்க."

அதிகாரி அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார். பாக்கியசீலன் எழுந்து பட்டாளத்துக்காரர் மாதிரி விறைப்பாக நின்றார். ரத்தக் கோடு எங்கே தொடங்கியது, எந்தப் பக்கமாக வந்தது, கேட்டைத் தாண்டி எங்கே முடிந்தது என்று சொன்னார். திறந்தது நான்தான் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் பூதத்தைத் திரும்பிப் பார்த்தார்.

வெட்டு கேட்டுக்கு உள்ளேதான் விழுந்தது என்று முடிவானது. மருத்துவக் குழு கையைப் பார்த்துவிட்டு நிரந்தர ஊனம் என்று எழுதியது. பூதம் வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தான். கருத்தையாமேல் போட்ட போலீஸ் கேஸ் இழுத்து இழுத்து ஒன்றுமில்லாமல் போனது. அவன் பஞ்சாயத்தில் ஏதோ பதவிக்கு நின்றான். பிறகு ஒரு பஸ் வாங்கினான். ரோட்டில் எதிரே வந்தால் பூதம் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. நேராகப் பார்த்துக்கொண்டே போவான். வீட்டுக்கு வந்ததும் விறகு பிளப்பான், இடது கையால், தேவையே இல்லாத அளவுக்கு.

தொண்ணூற்று ஐந்தில் மெட்ராஸிலிருந்து முறை வந்தது. முப்பிடாதியின் நெஞ்சைப் பிளந்து வால்வை மாற்றினார்கள். நினைவு திரும்பியதும், ஊசி சரியாகக் குத்தத் தெரியவில்லை என்று நர்ஸோடு சண்டை போட்டாள். அப்போதுதான் பூதத்துக்கு நம்பிக்கை வந்தது. பம்பாய்க்குத் தெரிந்த விலாசத்துக்கெல்லாம் ஆள்மூலமாகச் சொல்லி அனுப்பினான். பதில் வரவில்லை. தம்பி இருக்கிற இடமே தெரியாது என்றார்கள். முப்பிடாதி மீன் குழம்பு வைப்பதை விட்டுவிட்டாள். பூதமும் கேட்கவில்லை.

தொண்ணூற்று ஒன்பதில், சுடலைமாடன் கோயில் கொடைக்குப் பம்பாயிலிருந்து ஊர்க்காரப் பையன் ஒருவன் வந்திருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பூதத்தின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு முற்றத்திலேயே நின்றான். முப்பிடாதி ஓடிய கோழியை வைதுகொண்டே அதை விரட்டிப் பின்கட்டிலிருந்து முற்றத்துக்கு வந்தாள். அவன் அவளைப் பார்த்தான். இவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டான்.

"பிச்சைக்கண்ணு அண்ணாச்சியைத் தாராவியில பாத்தேன்," என்றான். "கை கூடிட்டு, மழைக்கு மட்டும் குத்துதுன்னு சொல்லச் சொன்னாவ. மைனி உசுரோட இருக்காளான்னு நேர்ல பாத்துட்டு வரச் சொன்னாவ. இருந்தா, ஒடிச்சது சரிதானாம். இல்லைன்னா அடுத்த வண்டியில வாராவளாம், ஒம்ம மிச்சக் கையை எடுக்கதுக்கு."